பட்டறையில் மரம் அடுக்குவது எப்படி?

மரம் வாங்கும்போது நாம் காட்டும் அக்கறையில் பாதியையேனும், வாங்கிய மரத்தை வைப்பதில் காட்டுகிறோமா என்றால் இல்லை என்றே சொல்ல வேண்டும். நிலை, கதவு, கட்டில் என ஏதேனும் ஒன்று செய்ய எண்ணி மரவாடிக்குச் செல்கிறோம். பலகையைத் தட்டிப் பார்க்கிறோம். முடிச்சு உண்டா, வெடிப்பு உண்டா என்று புரட்டிப் பார்க்கிறோம். கன அடிக் கணக்கில் ஒரு புள்ளி கூடினாலும் விடாமல் வாதாடுகிறோம். பிறகு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஆசாரி வரும்வரை அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அவர் வந்து பார்க்கும்போது பலகை வில்லாய் வளைந்திருக்கும். அடிப்பக்கத்தில் கரையான் குடியேறியிருக்கும். உடனே மரக்கடைக்காரரை வையத் தொடங்குவோம்! பாவம், அவர் கொடுத்தபோது நேராகத்தான் கொடுத்தார்.

நான் முதுகலை இயற்பியல் பயில்பவன். தச்சுத் தொழிலாளியின் மகன். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில், 22 அடி நீளமும் 11 அடி அகலமும் உள்ள தகரக் கொட்டகைதான் என் தந்தையாரின் பட்டறை. ஒரு பக்கம் வீட்டின் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். மற்ற மூன்று பக்கமும் கீற்றுத் தட்டி. உள்ளே இழைக்கும் மேசை, ரம்பம் பொருத்திய மேசை, உளிகளும் இழைப்புளிகளும் வைக்கும் பெட்டி. மீதி இடமெல்லாம் மரம். பத்தடிச் சட்டம் ஒன்றை வெளியே எடுக்க வேண்டுமானால், முதலில் மிதிவண்டியை நகர்த்தி, அதற்கு முன்னால் சாய்ந்திருக்கும் ஏழு பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, பிறகு தூசியில் இருமி முடித்து, அதன் பிறகுதான் சட்டத்தைத் தொட முடியும். அந்தப் பட்டறையில் 2020ஆம் ஆண்டு நானும் அப்பாவும் சேர்ந்து மரம் அடுக்கும் தாங்கிகளை அமைத்தோம். அதில் அறிந்த செய்திகளையே இங்கே சக மாணவர்களுக்காகவும் ஆசிரியப் பெருமக்களுக்காகவும் எழுதுகிறேன். தச்சர் வீட்டுப் பிள்ளைகள் நம் கல்லூரியில் பலர் உண்டு. மற்றவர்களும் என்றேனும் ஒரு நாள் வீட்டுக்கு மரம் வாங்கத்தானே போகிறார்கள்?

மரத்தை எப்படி வைப்பது என்பதற்கு முன், மரம் என்பது என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. தொல்காப்பிய மரபியல், உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும், வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தேக்கும் பலாவும் மரம். தென்னையும் பனையும் புல். தமிழ்த்துறை நண்பர்கள் இதைத் தேர்வுக்காகப் படித்திருப்பார்கள். ஆனால் பட்டறையில் இது அன்றாடப் பயன் உள்ள அறிவு. பலாவை அறுத்தால் நடுவில் மஞ்சளாக வைரமும், ஓரத்தில் வெளுத்த மரமும் தெரியும். அந்த வெளுப்பை எங்கள் பக்கம் ‘மேல் வெள்ளை’ என்பார்கள். மரம் உயிரோடு இருந்தபோது மாவுச்சத்தைச் சேர்த்து வைத்த இடம் அது. மாவு எங்கே உண்டோ அங்கே வண்டு வரும். பலகையின் ஓரத்தில் மட்டும் உளுத்து, நடுப்பகுதி கல்லைப்போல் இருப்பதற்குக் காரணம் இதுவே. பனையில் நிலைமை தலைகீழ். வெளிப்புறம் இரும்பு, உள்ளே சோறு. அதனால்தான் பனையைப் பிளந்து உள்சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு வெளிப்புறத்தை மட்டும் வாரையாகக் கூரைக்குப் போட்டார்கள் நம் முன்னோர்.

அடுத்தது ஈரம். பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு வகையாக நிற்கிறது. நுண்ணிய குழாய் போன்ற உயிரணுக்களின் உள்ளே தேங்கி நிற்பது ஒன்று. அவற்றின் சுவருக்குள்ளேயே ஊறி நிற்பது மற்றொன்று. அறுத்துப் போட்டவுடன் முதலில் வெளியேறுவது உள்ளே தேங்கிய நீர். அது போகும்வரை மரத்தின் எடை குறையுமே தவிர அளவு குறையாது. மரத்தின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரம் என்ற நிலைக்கு வந்தபின் சுவரில் ஊறிய நீர் கிளம்புகிறது. அப்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. வளைவும் முறுக்கும் வெடிப்பும் வருவது அந்தக் கட்டத்தில்தான். சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றாக இருப்பதில்லை. நீளவாக்கில் இல்லை என்றே சொல்லலாம். நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் ஓரளவு. வளையங்களின் போக்கில் ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு. ஒரே பலகையில் ஒரு திசை ஒரு பங்கும் மற்றொரு திசை இரு பங்கும் சுருங்கினால் பலகை தட்டையாக இருக்குமா? ஓடு போல் குழிகிறது. காய்ந்து முடிந்த பின்னும் மரம் காற்றின் ஈரத்தோடு கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. எங்கள் கடலோரப் பகுதியில் ஏறத்தாழ 12 முதல் 16 விழுக்காட்டுக்குள் மழைக்காலத்தில் ஏறியும் கோடையில் இறங்கியும் நிற்கும். ஐப்பசியில் இறுக்கும் கதவு பங்குனியில் தளர்வது இதனால்தான்.

இது நிற்க. எங்கள் வீட்டில் இந்த அறிவெல்லாம் தேவைப்பட்ட காரணத்தைச் சொல்ல வேண்டும்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. நான் அப்போது பதினொன்றாம் வகுப்பில் இருந்தேன். நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் விழுந்த தென்னைகளைப் பற்றி நாளேடுகள் அனைத்தும் எழுதின. தென்னைக்கு இடையிடையே நின்ற பலாவும் மாவும் தேக்கும் வேம்பும் விழுந்ததைப் பற்றி அதிகம் பேசியவர் இல்லை. இரண்டு தலைமுறை நின்ற மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. விறகு வியாபாரிகள் சொன்ன விலையைக் கேட்டால் கண்ணீர் வரும். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா, தம் கணவர் வைத்த பலாமரம் விழுந்து கிடந்ததை விற்க மறுத்துவிட்டார். கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அறுவை மில்லுக்கு எடுத்துச் சென்று இரண்டு அங்குலப் பலகைகளாக அறுத்து எங்கள் வாசலில் இறக்கினார்.

“ஆசாரியாரே, இதை அடுப்புக்குக் குடுக்க மனசு வரல. என்னைக்காவது வீடு கட்டுனா வாசக்கதவு இதுலதான் போடணும். அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றார்.

“வைக்கிறது பெரிசில்லம்மா. வச்ச மாதிரியே திருப்பித் தரணுமே” என்றார் அப்பா.

அவர் கூரையே புயலில் போயிருந்தது. வீடு எப்போது கட்டுவார் என்பது அவருக்கே தெரியாது. ஓராண்டோ ஐந்தாண்டோ, அதுவரை அந்தப் பலகைகள் வளையாமல், வெடிக்காமல், உளுக்காமல் இருக்க வேண்டும். வேறு சிலரும் இப்படியே தேக்கும் வேம்பும் கொண்டுவந்து வைத்தார்கள். மரவாடியில் வாங்கிய மரம் கெட்டால் பணம் கொடுத்து வேறு வாங்கலாம். இந்த மரங்களுக்கு மாற்று எந்த மரவாடியில் கிடைக்கும்?

பச்சை மரத்தைச் சுவர்த்தாங்கியில் ஏற்றக் கூடாது என்பது அப்பாவின் முதல் விதி. நானும் பாடநூல்களைப் புரட்டிப் பார்த்த அளவில் அதுவே சரி. பச்சை மரத்துக்கு வேண்டியது தரையடுக்கு. வெயில் நேராக விழாத, காற்று ஊடாடும் இடமாக இருக்க வேண்டும். எங்கள் கொட்டகையின் வடபுறத் தாழ்வாரம் அதற்குப் பொருத்தமாக இருந்தது. தரையில் இரண்டு அடிக்கு ஒன்றாகக் கருங்கல் வைத்து, அதன் மேல் பனை வாரைகளைக் குறுக்கே போட்டோம். கல்லும் வாரையுமாகத் தரையிலிருந்து ஓரடி உயரம் வந்தது. ஓரடி எதற்கு என்றால், குனிந்து பார்த்தால் மறுபக்கம் தெரிய வேண்டும், துடைப்பம் உள்ளே போக வேண்டும். வாரைகளின் மேல்முகம் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று இருமுனையிலும் நூல் கட்டிப் பார்த்துக்கொள்வது அவசியம். ஒரு வாரை அரை அங்குலம் தாழ்ந்திருந்தால் அதன் மேல் வரும் பலகைகள் அனைத்தும் அந்த அரை அங்குலத்தைக் கற்றுக்கொண்டுவிடும்.

வாரையின் மேல் பலகை. பலகையின் மேல் குறுக்கே ஓர் அங்குலச் சதுர இடைக்கட்டைகள். அதன் மேல் அடுத்த பலகை. இடைக்கட்டைகள் நன்றாகக் காய்ந்த மரத்தில் இருக்க வேண்டும். ஈரக் கட்டை வைத்தால் அது பட்ட இடத்தில் பூஞ்சணம் பிடித்துக் கறை விழும். எல்லாம் ஒரே கனமாக இருக்க வேண்டும். இதைவிட முக்கியம், மேல் வரிசைக் கட்டையும் கீழ் வரிசைக் கட்டையும் வாரையும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். அப்போதுதான் மேலே உள்ள பாரம் கட்டை வழியாகவே இறங்கிக் கல்லைச் சேரும். கட்டைகள் மாறிமாறி நின்றால் ஒவ்வொரு பலகையும் பாரத்தைத் தன் வயிற்றில் வாங்கும். தூணுக்கு மேல் தூண் நிற்கும் மாடி வீட்டையும், நடு உத்தரத்தில் தூண் நிற்கும் மாடி வீட்டையும் எண்ணிப் பாருங்கள். வேறுபாடு விளங்கும். இரு முனைகளிலும் கட்டை விளிம்பை ஒட்டியே இருப்பது நல்லது. மேலே கடைசியாக, யாருக்கும் வேண்டாத கனத்த கட்டைகளையும் இரண்டு உடைந்த அம்மிகளையும் ஏற்றி வைத்தோம். பாரம் இல்லாத மேல் பலகை தன்னிச்சையாக முறுக்கிக்கொள்ளும்.

பலகையின் முனைகளைப் பற்றி ஒரு சொல். மரத்தின் குழாய்கள் திறந்திருப்பது முனையில். ஆகவே ஈரம் முனை வழியாகப் பாய்ந்து வெளியேறும். நடுப்பகுதி காயாதிருக்கும்போது முனை மட்டும் காய்ந்து சுருங்கினால் வெடிப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. அப்பா சாணியும் களிமண்ணும் குழைத்து முனைகளில் பூசுவார். நான் பழைய பெயிண்டை இரண்டு பூச்சுப் பூசினேன். இரண்டுமே வாயை அடைப்பதுதான். பூசியது உதிர்ந்தால் மீண்டும் பூச வேண்டும் என்பதால் பெயிண்டுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல் தருவேன்.

காய்ந்ததா இல்லையா என்பதை எப்படி அறிவது? ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்று சொல்வார்கள். அது குளிர்நாடுகளில் வழங்கும் கணக்கு. நம் வெயிலில் அதைவிட விரைவாகக் காயும். அப்பா விரல் கணுவால் தட்டி ஓசை கேட்பார். எனக்கு அந்தக் காது இல்லை. அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பலாப் பலகையை உருவி, அதன் முனையில் எண் எழுதி, கடைத்தெருவிலிருந்த பெரிய தராசில் மாதம் ஒருமுறை நிறுத்தேன். ஏழடி நீளம், ஒன்பது அங்குல அகலம், இரண்டு அங்குலக் கனம். முதல் நிறுவையில் 22 கிலோ. முதல் சில மாதங்களில் எடை விறுவிறுவென்று இறங்கியது; பிறகு தயங்கியது. மழைக்காலத்தில் சிறிது ஏறவும் செய்தது. 2020ஆம் ஆண்டு கோடையில் அடுத்தடுத்து மூன்று நிறுவைகளில் பதினைந்தரைக் கிலோவிலேயே நின்றது. ஆறரைக் கிலோ தண்ணீர் ஒரு பலகையிலிருந்து காற்றில் போய்விட்டது! அப்பா தட்டிப் பார்த்து, “ஆறிடுச்சு” என்றார். தராசும் கணுவும் ஒத்துப்போனதில் இருவருக்கும் மகிழ்ச்சி.

காய்ந்த மரம் இனித் தாழ்வாரத்தில் கிடக்க வேண்டியதில்லை. அடுத்து வரும் பச்சை மரத்துக்கு அந்த இடம் வேண்டும். இங்கேதான் சுவர்த்தாங்கி வருகிறது. அந்த ஆண்டு மார்ச்சு இறுதியில் ஊரடங்கு வந்து வேலைகள் நின்றுபோயிருந்தன. தளர்வுகள் வந்து இரும்புக்கடை திறந்ததும் வேலையைத் தொடங்கினோம்.

சுவரில் தனித்தனிக் கைகளாக முளையடித்து அவற்றின் மேல் மரத்தை ஏற்றுவது எளிய வழி. பல பட்டறைகளில் அப்படித்தான் இருக்கிறது. ஒரு நாள் சுவர்ப்பூச்சோடு பெயர்ந்து விழுவதும் உண்டு. ஏன் என்று ஒரு சிறு கணக்கால் பார்ப்போம். பத்தடி நீளம், எட்டு அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம் உள்ள ஆறு தேக்குப் பலகைகள் ஐந்து கன அடி. கன அடிக்கு ஏறத்தாழ 19 கிலோ என்று வைத்தால் 95 கிலோ. நான்கு கைகளுக்குப் பகிர்ந்தால் கைக்கு 24 கிலோ. பலகைகள் இரண்டிரண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் பாரத்தின் மையம் சுவரிலிருந்து எட்டு அங்குலத்தில் இருக்கும். கையின் சுவரோடு ஒட்டிய பகுதி ஆறு அங்குல உயரம் என்றால், மேல் முளையை வெளியே பிடுங்கும் விசை 24ஐ எட்டால் பெருக்கி ஆறால் வகுத்தது, அதாவது 32 கிலோ. சாந்துப்பூச்சில் அடித்த முளை இதை நாள்தோறும் தாங்குமா?

இப்போது தனிக் கைகளுக்கு மாறாக, தரையில் ஊன்றிய ஆறரை அடித் தூண் ஒன்றில் மூன்று கைகளைப் பற்றவைப்போம். மூன்று அடுக்கும் நிறைந்தால் ஒரு தூணுக்கு 71 கிலோ. அதே எட்டு அங்குலம். ஆனால் தூணைச் சுவரோடு பிடிக்கும் மேல் முளை தரையிலிருந்து 72 அங்குலத்தில் இருக்கிறது. 71ஐ எட்டால் பெருக்கி 72ஆல் வகுத்தால் எட்டுக் கிலோவுக்கும் குறைவு. பாரம் மூன்று மடங்கு கூடியும் பிடுங்கும் விசை நான்கில் ஒன்றாகிவிட்டது. எடை முழுவதும் தூண் வழியே தரைக்கு இறங்குகிறது. தூண் முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே சுவரின் வேலை. இளங்கலை முதலாண்டில் நாம் படிக்கும் திருப்புத்திறன்தான் இது. தேர்வுத் தாளில் படித்தபோது எனக்கு இத்தனை சுவையாக இருந்ததில்லை.

நாங்கள் செய்த அளவுகள் வருமாறு. தூணுக்கு 50 மில்லிமீட்டர் எல் ஆங்கிள், ஆறு மில்லிமீட்டர் கனம். கைக்கு 40 மில்லிமீட்டர் ஆங்கிள், ஐந்து மில்லிமீட்டர் கனம். தூண் நான்கு, கை பன்னிரண்டு, ஒவ்வொரு கையும் 18 அங்குலம். பழைய இரும்பாக வாங்கியதில் மொத்தம் ஏறத்தாழ 52 கிலோ வந்தது. வெல்டிங் பட்டறையில் பற்றவைக்கும்போது கைகள் செங்கோணமாக இருக்கக் கூடாது என்று சொல்லி, நுனி ஓர் அங்குலம் மேலேறி இருக்கும்படி வைத்துக்கொண்டோம். மரம் சுவர்ப்பக்கமே சரிந்து நிற்கும். முன்னால் நழுவி யார் காலிலும் விழாது. தூணின் அடியில் ஒரு சதுர இரும்புத் தகடு, அதன் கீழே கருங்கல். நான்கு தூண்களிலும் கைகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று ரசமட்டத்தை நம்பாமல், தண்ணீர்க் குழாய் மட்டம் பிடித்துப் பார்த்தார் அப்பா. எங்கள் சுவர் சிமெண்டுச் சாந்துச் சுவர். ஆங்கர் போல்ட்டு பிடித்தது. மண்சாந்துச் சுவராக இருந்தால் போல்ட்டை மறுபுறம்வரை ஊடுருவவிட்டு, அங்கே ஒரு தகடு வைத்து முடுக்குவதுதான் பாதுகாப்பு.

தூண்களுக்கு இடையே 32 அங்குலம். ஆக முதல் தூணிலிருந்து கடைசித் தூண்வரை எட்டடி. பத்தடிச் சட்டம் இருபுறமும் ஓரடி நீட்டிக்கொண்டு நிற்கும். ஏழடி நிலைக்கால் மூன்று கைகளிலேயே அமரும். சட்டத்தின் இரு முனைகளுக்கும் நேராகவே கை வைத்தால் என்ன என்று கேட்கலாம். வைத்தால் ஓரக் கைகள் குறைவாகவும் நடுக்கைகள் மிகுதியாகவும் சுமக்கும். ஓரடி வெளியே நீட்டினால் ஓரக் கைகளும் ஏறத்தாழச் சம பங்கு ஏற்கின்றன. இடைவெளியைக் கூட்டித் தூணை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பலகை தன் எடையாலேயே தொய்யும் அளவு, இடைவெளியின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடுகிறது. இடைவெளியை இரட்டித்தால் தொய்வு பதினாறு மடங்கு. அதிலும் மரம் இரும்பைப்போல் பாரத்தை எடுத்ததும் நிமிர்ந்துவிடாது. மாதக்கணக்கில் தொய்ந்து கிடந்த பலகை அந்த வளைவில் ஒரு பகுதியை நிரந்தரமாக ஏற்றுக்கொள்ளும். சுவரில் சாய்த்த பலகை வில்லாவதும் இதே காரணத்தால்தான்.

கைகள் தயாரானதும், “இரும்பு மேல மரத்தை வைக்காதே தம்பி, மை ஊத்தின மாதிரி ஆயிடும்” என்றார் அப்பா. மை என்று அவர் சொன்னது உவமை மட்டுமில்லை. முற்காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சினார்கள். கடுக்காயில் இருப்பது துவர்ப்புச் சத்து. அன்னபேதியில் இருப்பது இரும்பு. பல மரங்களிலும் அந்தத் துவர்ப்புச் சத்து உண்டு. ஈரக்காற்றில் இரும்பு அதைத் தொட்டால் நீலங்கலந்த கறுப்புக் கறை பிறக்கும். இழைப்புளி போட்டாலும் எளிதில் போகாது. ஆகவே ஒவ்வொரு கையின் மேலும் கருவேல ரீப்பர் ஒன்றைத் திருகாணியால் பொருத்தினோம். கையின் நுனியில் அந்த ரீப்பர் அரை அங்குலம் நிமிர்ந்து ஒரு தடுப்பாகவும் நிற்கிறது.

எதை எங்கே ஏற்றுவது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கனமானது கீழே, இலேசானது மேலே. கீழ்க்கைக்கும் தரைக்கும் நடுவே உத்தரம், தூண் போன்றவற்றைக் கல்லின் மேல் வாரை போட்டுக் கிடத்தினோம். மேல் கை தலைக்கு மேலே போகக் கூடாது. இறக்கும்போது ஒரு முனை கைநழுவினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரையை ஒட்டியும் வைக்கக் கூடாது. சித்திரை மாதத்தில் அங்கே கை வைக்க முடியாத சூடு. பலகையின் மேல்முகம் மட்டும் காய்ந்து குழியும்.

இனிக் கரையான். அது மண்ணிலிருந்து மண்குழாய் கட்டிக்கொண்டு வருவது. குழாய் இல்லாமல் வெளிச்சத்திலும் வெயிலிலும் அதற்கு நடமாட்டம் இல்லை. எனவே மரத்தைக் காப்பாற்றுவது என்றால் அந்தக் குழாய் நம் கண்ணில் படும்படி செய்வதே. மரம் சுவரைத் தொடாமல் ஓர் அங்குலம் விலகி இருக்க வேண்டும். கற்களின் பக்கங்கள் மறைவின்றித் தெரிய வேண்டும். அப்பா வாரையின் அடிப்புறத்துக்குத் தார் பூசினார். வெள்ளிக்கிழமைதோறும் பட்டறை கூட்டும்போது என் தாயார் கற்களைச் சுற்றி ஒருமுறை பார்ப்பார். குழாய் தெரிந்தால் துடைப்பத்தாலேயே தீர்ந்தது. மருந்தைவிட அந்தத் துடைப்பத்தின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். வண்டுக்கு வழி வேறு. மேல் வெள்ளையை அறுக்கும்போதே கழித்துவிட வேண்டும். கழிக்க முடியாத இடத்தில் போராக்சும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசுவது உண்டு. பலகைக்குக் கீழே மெல்லிய மாவு கொட்டியிருந்தால் வண்டு வந்துவிட்டது என்று பொருள். அந்தப் பலகையை அன்றைக்கே மற்றவற்றிலிருந்து பிரித்து வெளியே போட வேண்டும்.

ஒட்டுப்பலகை எனப்படும் பிளைவுட்டை எட்டுக்கு நான்கு அடித் தாளாக வாங்குகிறோம். அதைச் சாய்த்து வைத்தால் வளைவது நிச்சயம். இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒன்பது அங்குலச் சந்து ஒன்று அமைத்து, எட்டடிப் பக்கம் கீழே இருக்கும்படி, கிட்டத்தட்ட நேர் செங்குத்தாக நிறுத்துகிறோம். அடியில் இரண்டு ரீப்பர்கள். தரையின் ஈரம் தொடாது. நான்கு அடிக்குக் குறைந்த துண்டுகளையும் மரத்தட்டின் மேல் கூண்டு கூண்டாக நிறுத்தியே வைக்கிறோம். அவ்வளவு குட்டையானது தன் எடையால் வளைவதில்லை. மண்தரையில் மட்டும் நிறுத்தக் கூடாது. முனைக் குழாய்கள் விளக்குத் திரிபோல் ஈரத்தை உறிஞ்சும். தரையடுக்கின் பின்னால் கையை விடுமுன் ஒரு கோலால் தட்டுவதும் எங்கள் வீட்டுப் பழக்கம். தேளும் கட்டுவிரியனும் மர அடுக்கை நம்மைவிட நன்றாக மதிக்கத் தெரிந்தவை.

2020ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி புயல் கொண்டுவந்த மழையை டெல்டாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பட்டறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது. முந்தைய முறைப்படி மரம் சுவரில் சாய்ந்திருந்தால் ஒவ்வொரு பலகையின் காலும் அந்த இரண்டு நாளும் தண்ணீரைக் குடித்திருக்கும். கருங்கல் ஓரடி, தண்ணீர் கணுக்கால். மேலே கைகளில் இருந்த பலாப் பலகைகள் துளியும் நனையவில்லை. மழையையும் பொருட்படுத்தாமல் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, வாசலில் நின்றபடியே அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார் பெரியம்மா. பத்துப் பலகை. அவர் 2022ஆம் ஆண்டில் வீடு கட்டினார். பலகைகளை இறக்கி மூலைமட்டம் வைத்துப் பார்த்தபோது எட்டு நேராக இருந்தன. ஒன்று ஒரு நூல் அளவு குழிந்திருந்தது, இழைத்ததில் சரியாயிற்று. இன்னொன்றில் முனை வெடிப்பு. அந்த முக்கால் அடியை அறுத்துவிட்டு அடிச்சட்டத்துக்குப் பயன்படுத்தினார் அப்பா. தஞ்சாவூர் வீணைக்குப் பலா எடுப்பதன் காரணம் இழைக்கும்போதே புரிந்தது; தட்டினால் அப்படி ஓர் ஓசை. புதிய கதவில் மஞ்சளாகத் தெரியும் அந்த வைரம் நாளாக ஆகப் பழுப்பேறும்.

பிறர் மரத்தைப் பட்டறையில் வைப்பவர்கள் கணக்கு வைப்பது மிகத் தேவை. எங்கள் தாங்கியில் ஒவ்வொரு பலகையின் முனையிலும் பெயிண்டால் ஒரு குறி உண்டு. யாருடையது என்பதற்கு ஓர் எழுத்து, வந்த ஆண்டு, எத்தனையாவது பலகை. அதே குறி நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நீளம் அகலம் கனத்தோடு எழுதப்பட்டிருக்கும். பலகை வெளியே போனால் அடித்துவிட்டு நாள் எழுதுவோம். இன்றைய கணக்கில் கஜாவில் விழுந்த மரங்களில் இன்னும் மூன்று வீட்டாருடையது எங்களிடம் இருக்கிறது. அவற்றில் இரண்டு தேக்கு, ஒன்று வேம்பு.

மிச்சத் துண்டுகளுக்கு மட்டும் இன்னும் நல்ல ஏற்பாடு கிடைக்கவில்லை. எந்தத் துண்டையும் எறிய அப்பாவுக்கு மனம் வராது. எல்லாவற்றையும் வைக்க இடம் போதாது. இப்போதைக்கு ஓரடிக்கு மேல் உள்ளவை கூண்டில், கீழ் உள்ளவை சாக்கில். சாக்கு நிறைந்ததும் அம்மா அதை அடுப்படிக்கு இழுத்துச் செல்வார். அதற்கு முன்னால், நடைவண்டிச் சக்கரத்துக்கு ஆகும் வேங்கைத் துண்டுகளை அப்பா அதிலிருந்து பொறுக்கி எடுத்து மேசைக்கடியில் ஒளித்துவைத்திருப்பார்.